தகவலாளி பதினான்கு

புது நூலகத்தைத் திறந்துவைத்த மறுநாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, நான்காம் மாடியின் விளக்குகளைப் போட்டதும் அங்கே அடுக்கியிருந்த ஆறாயிரத்துச் சொச்சம் ஆய்வேடுகளும் பேசத் தொடங்கின. முதலில் அதை யாரும் பேச்சென்று எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு மாடி, நாலு பக்கமும் கண்ணாடி, இரண்டு லிஃப்ட், வாசலில் அட்டையைக் காட்டினால் மட்டும் வழிவிடும் இரும்புக் கதவு என்று இத்தனை இருக்கிற கட்டடத்தில் முதல் வாரம் ஏதாவது ஒன்று இரையத்தான் செய்யும் என்று நினைத்த நூலகர் கோதண்டராமன் ஏசி மெக்கானிக்கை வரச்சொன்னார். மெக்கானிக் ஏணி போட்டு ஏறி, கூரைத் தகட்டைக் கழற்றி, தலையை உள்ளே விட்டுக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, "மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு. மூணாவது அலமாரியில ஒரு பொம்பள சோளத்துக்கு வர்ற பூச்சியப் பத்திப் பேசிக்கிட்டு இருக்காங்க, அவங்களத்தான் நிறுத்தச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் விவரம் பிடிபட்டுவிட்டது. அலமாரியில் இருக்கும்போது ஆய்வேடு முணுமுணுக்கும்; கையில் எடுத்துப் பிரித்தால் தெளிவாகப் பேசும். பேசுவது அதை எழுதியவரின் குரல். அட்டையில் தங்க எழுத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் குரல் அல்ல, எழுதியவர் குரல். பல ஏடுகளில் இரண்டும் ஒன்றாக இருந்தன. சிலவற்றில் அட்டையில் ஒரு முனைவரின் பெயரும் உள்ளே வேறொருவரின் தொண்டையுமாக இருந்தது.

அந்த மாடிக்குப் பொறுப்பு சண்முகவடிவு. நாற்பத்தேழு வயது, நூலக உதவியாளர், பதினெட்டு வருஷமாக அந்த ஆய்வேடுகளோடு இருப்பவள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையிலிருந்து அவற்றை டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்து அடுக்கியவளும் அவள்தான். புதுக் கட்டடத்தின் முதல் மாடியைப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் மாடிக்கு செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிறவர்கள் வந்தார்கள். மூன்றாம் மாடியின் கண்ணாடிச் சுவர் ஓரம் கல்யாணத்துக்கு நிச்சயமானவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான்காம் மாடிக்கு மட்டும் தூசியைத் தவிர யாரும் வரமாட்டார்கள் என்றுதான் அவளை அங்கே போட்டிருந்தார்கள். ஆறாயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசும் அந்தச் சந்தை இரைச்சலில் அவள் முதல் நாள் செய்தது ஒன்றுதான். ஏழாம் வரிசைப் பக்கம் போகாமல் இருந்தாள். அதன் கீழ்த்தட்டில் யார் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

பல்கலைக்கழகம் அதிசயப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை, அதற்கு வேலை இருந்தது. முதல் வாரம் ஒரு குழு போட்டார்கள். இயற்பியல் துறைத் தலைவர் அலமாரியின் இரும்புச் சட்டங்களைத் தட்டிப் பார்த்து, சட்டங்கள் அதிர்வதால் வருவது என்று நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்தார். அந்த நாற்பது பக்கத்தையும் நான்காம் மாடியில் வைத்ததும் அது அவருடைய மாணவி ஒருத்தியின் குரலில் இருமிக்கொண்டே பேசியது. இரண்டாம் மாதம், 'ஆய்வேடுகள் பேசும்போது வாசகர்கள் அமைதி காக்கவும்' என்று பலகை வைத்தார்கள். மூன்றாம் மாதம் தரமதிப்பீட்டுக்கு வந்த குழுவினர், நாட்டிலேயே வேறெங்கும் இல்லாத புதுமை என்று இதற்குத் தனியாக மதிப்பெண் போட்டுவிட்டு முந்திரி கேக் சாப்பிட்டுப் போனார்கள். ஊருக்குள் தட்டச்சுக் கடை வைத்திருந்த அந்தோணி என்பவரின் குரல் உடற்கல்வியிலிருந்து வரலாறு வரை பதினோரு ஆய்வேடுகளில் பேசுவது தெரியவந்தபோது யாரும் கோபப்படவில்லை. அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், அவரும் போர்த்திக்கொண்டார். பொருளியல் பேராசிரியர் ஒருவரின் மனைவி ஒரு நாள் வந்து, கணவரின் ஆய்வேட்டைப் பிரித்து, அதில் தன் குரலை முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி அட்டவணை வரைக்கும் நின்றுகொண்டே கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் அடுப்பை அணைத்தார் என்றும் அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஓட்டல் சாப்பாடுதான் என்றும் சொன்னார்கள். ஆட்சிக்குழு கூடி, 'குரலைச் சான்றாகக் கொள்ள இயலாது' என்று ஒரே வரியில் தீர்மானம் போட்டது. அந்த வரியோடு எல்லாருக்கும் மூச்சு வந்தது.

எல்லாரும் கேட்டார்கள், எல்லாருக்கும் தெரிந்தது, ஒருவருடைய நாற்காலியும் ஓர் அங்குலம் நகரவில்லை. சண்முகவடிவுக்குப் பொறுக்காதது அதுதான்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் இசக்கியம்மாள் வந்தாள். பீடி சுற்றுகிறவள், கக்கத்தில் தட்டும் இலையும் தூளும். வாசல் கதவு அவளுக்குத் திறக்காது, அட்டை கிடையாது. சண்முகவடிவு கீழே போய்த் தன் அட்டையைக் காட்டி அவளை உள்ளே கூட்டி வந்தாள்.

"எம் பிள்ள ஜெயசுதா இங்கதாம்மா வேதியியல்ல ஆராய்ச்சி பண்ணுனா" என்றாள் இசக்கியம்மாள். "மூணு வருசம் ஆச்சு, விடுதியில இறந்துட்டா. எழுதி முடிச்சு வாத்தியார்ட்ட குடுத்துட்டேன்னு போன்ல சொன்னா. அதுக்குப் பொறவு அவ எழுதுனது எங்கன்னு கேட்டா, அப்படி ஒண்ணும் இல்லேங்காவ. இங்க பேசுதாமே, எம் பிள்ளயும் பேசுதாளான்னு பாக்கணும்."

இரண்டு பேருமாகத் தேடினார்கள். வேதியியல் வரிசையில் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காதில் வைத்து, மூன்றாம் நாள் மத்தியானம் ஒன்றைப் பிரித்ததும் இசக்கியம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அட்டையில் ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவருடைய மகனின் பெயர் இருந்தது. உள்ளே ஜெயசுதா இங்கிலீஷில் உப்புகளும் அமிலங்களும் எண்களுமாகச் சொல்லிக்கொண்டு போனாள். தாய்க்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் ஒரு பத்திக்கும் அடுத்த பத்திக்கும் நடுவில், எழுதும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் அந்தக் குரலில் சேர்ந்து வந்தது: "தலை சுத்துது... அம்மா கேட்டா சாப்பிட்டாச்சுன்னு சொல்லணும்."

அன்றிலிருந்து இசக்கியம்மாள் தினமும் வந்தாள். அலமாரிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே மகள் சொல்வதைக் கேட்டாள். நூலகத்துக்குள் புகையிலை கூடாது என்று ஒரு நாள் நூலகர் வந்து சொன்னார். கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு லிஃப்டை மறந்து படியில் இறங்கிப் போனார்.

தை மாதம் துணைவேந்தர் பதவிக்கு மூன்று பேரின் பெயர் அடிபட்டது. முதல் பெயர் சமூகவியல் பேராசிரியர் தணிகாசலம்.

அவர் ஒரு மூன்று மணிக்கு டிரைவர் இல்லாமல் தனியாக நான்காம் மாடிக்கு வந்தார்.

"வடிவு, நல்லாயிருக்கியா? மக என்ன படிக்கிறா?"

"பிளஸ் டூ சார்."

"இங்கயே சேத்துவிட்ருவோம், கவலப்படாத." அலமாரிகளைப் பார்த்தார். "ஆறாயிரம் இருக்கும்ல? அதுல ஒண்ணு இடம் மாறிப் போய் மண்ணியல்ல உக்காந்திருந்தா யாருக்குத் தெரியப்போகுது? துணைவேந்தர் தேடல் குழு திங்கக்கிழமை வருது. அவங்க போறவரைக்கும் போதும்."

அவள் துணியை எடுத்துத் தட்டைத் துடைக்கத் தொடங்கினாள்.

"உனக்கு இந்த வேலைய யாரு வாங்கிக் குடுத்தான்னு நான் ஒருநாளும் சொல்லிக்காட்டுனதில்ல."

"இப்பச் சொல்லிட்டீங்களே சார்."

அவர் சிரித்தார். போகும்போது அவள் தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தோளை அவள் முந்தானையால் துடைத்தாள். அப்படியும் போகாததுபோல் இருந்தது.

நடந்தது இதுதான். இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் தணிகாசலம் முனைவர் பட்டம் இல்லாத விரிவுரையாளர். சண்முகவடிவு அவரிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்த உப்பளத்துப் பெண். தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களின் கண்ணும் காலும் கருப்பையும் என்ன ஆகின்றன என்று நான்கு வருஷம் பாத்தி பாத்தியாக நடந்து கேட்டு எழுதினாள். அவள் அம்மா தங்கபுஷ்பமும் அந்தப் பாத்திகளில்தான் உப்பு வாரினாள், அதனால் பெண்கள் மறைக்காமல் பேசினார்கள். எழுதி முடித்து அவரிடம் கொடுத்தாள். திருத்தித் தருகிறேன் என்றார். பிறகு, வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்றார், வருத்தப்பட்டார், அவருடைய மனைவிகூடக் காபி கொடுத்து ஆறுதல் சொன்னாள். அடுத்த வருஷம் அவர் முனைவர் தணிகாசலம் ஆனார். அவள் அழுதுகொண்டு போய் நின்றபோது, நூலகத்தில் ஒரு வேலை இருக்கிறது, சொல்லி வைக்கிறேன் என்றார். அப்பா இறந்து, அம்மாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்த வருஷம் அது. அவள் வேலையை வாங்கிக்கொண்டாள். தன் நான்கு வருஷத்துக்கு மேலே வேறொருவர் பெயர் இருக்க, அதைத் துணியால் துடைத்து வைப்பதே அந்த வேலை.

அவர் போன பிறகு அவள் ஏழாம் வரிசைக்குப் போனாள். ஏழு மாதமாகப் போகாத இடம். குனிந்து எடுத்துப் பிரித்தாள்.

முதல் பக்கம் அவர் குரலில் பேசியது. "என்னை ஈன்றெடுத்த அன்னைக்கு." அடுத்த பக்கம், நன்றியுரை, அதுவும் அவர் குரல், துணைவேந்தருக்கும் நெறியாளருக்கும் அன்பு மனைவிக்கும் நன்றி. அந்த இரண்டு பக்கத்தைத்தான் அவர் எழுதியிருந்தார். முதல் அத்தியாயம் தொடங்கியதும் இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்தி பேசினாள்; அவசரக்காரி, மூச்சு வாங்குகிறவள், 'சொல்லுதாவ' 'வருதாவ' என்று நாக்கில் உப்புக்காற்று ஒட்டியிருந்தவள். இந்தப் பேச்சை வைத்துக்கொண்டு கருத்தரங்குக்குப் போகாதே, சிரிப்பார்கள் என்று அவர்தான் அன்றைக்குச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டுத்தான் அவள் தன் பேச்சை மாற்றிக்கொண்டாள். இப்போது அவள் மகளுக்குக்கூட அந்தப் பேச்சு தெரியாது.

கேட்டுக்கொண்டே போனாள். பட்டம் போனது அவளுக்குப் பழகிய வலி, அது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில்தான் அது வந்தது. இளம் வடிவு சொல்லிக்கொண்டு போகிறாள்: "காலை ஏழு மணிக்கு மேல் உப்பின் வெளிச்சம் ஊசியாகக் குத்துகிறது, வீட்டுக்குப் போனாலும் கண்ணை மூடினால் வெள்ளையாகத்தான் இருக்கிறது, பிள்ளையின் முகத்தைக்கூட வெள்ளையில் தடவித்தான் பார்க்கிறேன் என்கிறார்", இங்கே குரல் வெட்டி, தணிகாசலத்தின் தடித்த குரல், "தகவலாளி பதினான்கு."

அந்த இடத்தில், தகவல் சொன்னவள் பெயராக, அவள் எழுதியிருந்தது தங்கபுஷ்பம் என்று. பிள்ளையின் முகம் என்றது சண்முகவடிவின் முகத்தை.

பக்கம் புரட்டினாள். மறுபடியும் அவள் குரல், மறுபடியும் வெட்டி, "தகவலாளி பதினான்கு." இருபத்தாறு இடத்தில் அப்படி. அம்மா குருடாகிச் செத்து ஒன்பது வருஷம் ஆயிற்று. சாகிறவரைக்கும், "தணிகாசலம் சார் நல்லாயிருக்கணும், எம் பிள்ளைக்கு வேல வாங்கிக் குடுத்தாவ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சண்முகவடிவு அழவில்லை. பதினெட்டு வருஷத்தில் ஒரு புத்தகத்தின் ஓரத்தில் பென்சில் புள்ளி வைத்தவனைக்கூடச் சும்மா விடாதவள், மேசையிலிருந்த நீலப் பேனாவை எடுத்து, இருபத்தாறு இடத்திலும் தகவலாளி பதினான்கை அடித்து, மேலே தங்கபுஷ்பம் என்று எழுதினாள். தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினாள். எழுத எழுத அந்த இடங்களில் ஆணின் குரல் போய், அவளுடைய இன்றைய குரல் அம்மாவின் பெயரைச் சொன்னது.

திங்கட்கிழமை தேடல் குழுவினர் மூன்று பேர் வந்தார்கள். அவள் அந்த ஏட்டை மண்ணியலில் வைக்கவில்லை. அவர்கள் உட்காரும் மேசையில் விரித்து வைத்தாள். கால் மணி நேரம் கேட்டார்கள். தணிகாசலம் பக்கத்தில் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அருமையான களப்பணி" என்றார் குழுத் தலைவர். "அந்தப் பெண் குரல் ரொம்பப் பொருத்தமா இருக்கு" என்றார் இன்னொருவர். தேநீர் வந்தது. மாசி மாதம் தணிகாசலம் துணைவேந்தர் ஆனார்.

அவர் போட்ட முதல் கையெழுத்து நான்காம் மாடிக்கு. ஆய்வேடுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்டு, காகிதப் பிரதிகளைக் கூழாக்க ஆலைக்கு அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை லாரி வரும். ஸ்கேன் செய்த பக்கங்கள் பேசுவதில்லை என்று ஏற்கனவே பார்த்து வைத்திருந்தார்கள்.

"எம் பிள்ளயக் கூழாக்கப் போறாவளா?" என்றாள் இசக்கியம்மாள். பீடி இலை கையிலேயே நின்றது. "ஒருக்கா கொன்னது பத்தாதா வடிவு?"

'ஆய்வேடுகள் இரவல் தரப்படமாட்டா' என்று மேசைமேல் ஒரு பலகை இருந்தது. சண்முகவடிவு எழுந்து அதைக் கவிழ்த்து வைத்தாள். தேதி முத்திரையை எடுத்து, மையைத் தொட்டு, ஜெயசுதாவின் ஏட்டில் ஓங்கி ஒரு குத்து. "கொண்டு போங்கக்கா. இது திருட்டு இல்ல. முத்திரை இருக்கு, நான் குடுத்திருக்கேன். யாரு கேட்டாலும் காட்டுங்க."

அட்டையில் ஒரு பெயரும் உள்ளே ஒரு குரலுமாக இருந்தவை நானூற்றுச் சொச்சம். யார் யார் குரல் என்று எட்டு மாதத்தில் பாதிக்கு மேல் அவளுக்குத் தெரிந்திருந்தது. மீதியை அந்தோணி உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அடையாளம் சொன்னார், அவர் கடைக்கு வராத ஆராய்ச்சி மாணவர்கள் அந்த ஊரில் இல்லை. புதன்கிழமையும் வியாழக்கிழமையும் பத்திலிருந்து ஐந்து வரை அவள் போன் செய்தாள். வந்தார்கள். தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவன், துணிக்கடையில் நிற்பவள், கைக்குழந்தையோடு ஒருத்தி, வர முடியாத அக்காவுக்காகத் தம்பி. பொருளியல் பேராசிரியரின் மனைவி காய்கறிப் பையில் வைத்துக் கொண்டு போனார். அந்தோணி தன் பதினொன்றையும் ஆட்டோவில் ஏற்றினார், பொன்னாடையை அலமாரியிலேயே விட்டுவிட்டார். ஒவ்வொன்றுக்கும் அவள் முத்திரை குத்தினாள். அந்தக் குத்து மூன்றாம் மாடியில் போட்டோ எடுத்தவர்களுக்குக் கேட்டது.

வியாழக்கிழமை நாலரை மணிக்கு நூலகர் கோதண்டராமன் வந்தார். காலியான தட்டுகளைப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று அவள் முத்திரையை இறுகப் பிடித்தாள். அவர் நேராக இரண்டாம் வரிசைக்குப் போய் ஒன்றை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். அட்டையில் ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் பெயர்.

"இது நான் எழுதுனது" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "குத்தும்மா."

வெள்ளிக்கிழமை லாரி வந்து மீதியை ஏற்றிக்கொண்டு போனது. ஆலைக்குப் போகிற வழியெல்லாம் அவை தத்தம் சொந்தக் குரலில் நிம்மதியாகப் பேசிக்கொண்டு போயின என்று டிரைவர் சொன்னார். திங்கட்கிழமை காலையில் துணைவேந்தரின் கார் முதன்மை வாசலில் நுழைந்தபோது, வாசல் தூணுக்குக் கீழே இசக்கியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் விரித்துவைத்த ஏட்டில் ஜெயசுதா எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். காவலர் எழுப்ப வந்தார். அவள் முத்திரையைக் காட்டினாள். மறுநாளும் உட்கார்ந்தாள், அதற்கு அடுத்த நாளும். கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனது. ஆட்சிக்குழு உறுப்பினரின் மகன், இப்போது அங்கேயே விரிவுரையாளர், பின்வாசல் வழியாக வரத் தொடங்கினான். பத்தாம் நாள் அங்கே துணிக்கடைப் பெண் தன் ஏட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

சண்முகவடிவைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து கடிதம் வந்தது. முதல் குற்றச்சாட்டு, நூலகச் சொத்தான ஆய்வேடு ஒன்றில் நீல மையால் எழுதிச் சேதப்படுத்தியது. அவள் அதை நின்றபடியே இரண்டு தரம் படித்தாள். "பின்ன, செவப்பு மையிலயா எழுதணும்?" என்று பழைய பேச்சில் சத்தமாகக் கேட்டாள். பக்கத்திலிருந்த மகள் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள், தனக்கும் முத்திரை குத்தி எடுத்து வைத்திருந்த தன் ஏட்டைத் தோள்பையில் போட்டுக்கொண்டு தூத்துக்குடிக்கு பஸ் ஏறினாள். பங்குனி வெயில். உப்பளத்தில் பெண்கள் ஓலைக் கொட்டகையின் கீழ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவோடு வேலை செய்தவர்களில் கனியம்மாள் ஒருத்திதான் மிச்சம், ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. யாரென்று சொன்னதும், "தங்கபுஷ்பம் மவளா, உக்காரு" என்றாள். சண்முகவடிவு ஏட்டைப் பிரித்து நடுவில் வைத்தாள். பெண்கள் தூக்குச்சட்டியை மூடாமல் கேட்டார்கள். செத்துப்போனவர்கள் சொன்னதைச் சொன்னபடியே அந்த இளம் குரல் சொன்னது. சிலர் சிரித்தார்கள், ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். கடைசி அத்தியாயம் வந்தது: உப்பளப் பெண்கள் எல்லாருக்கும் கறுப்புக் கண்ணாடியும் காலுக்கு உறையும் கொடுக்க வேண்டும்.

"நிறுத்து" என்றாள் கனியம்மாள். "இத எழுதி எத்தன வருசம் இருக்கும்?"

"இருவது, சித்தி."

"கண்ணாடி வந்துச்சா?"

வரவில்லை. சண்முகவடிவு நடந்ததைச் சொன்னாள். இந்த ஆய்வை வைத்துத் தணிகாசலம் ஒன்பது கமிட்டிகளில் தலைவராக இருந்தார், மூன்று விருது வாங்கினார்.

"அவன் திருடிட்டான்ங்குத. சரி, கள்ளப்பய. நீ இருவது வருசம் அங்கதான இருந்த? ஒரு நா இங்க வந்து, இப்படி ஆயிருச்சுன்னு சொன்னியா? ஒங்கம்ம கண்ணு தெரியாம சுவரப் பிடிச்சிக்கிட்டு நடந்தப்பமாவது சொன்னியா?" கனியம்மாளின் நல்ல கண் சிவந்திருந்தது. "இப்ப வந்து நாங்க சொன்னத எங்களுக்கே வாசிச்சுக் காட்டுத."

அவள் சொன்னது நியாயம். அதுவரைக்கும் தணிகாசலத்தின் மேல் மட்டும் இருந்த கோபம் புரண்டு சண்முகவடிவின் நெஞ்சிலேயே ஏறி உட்கார்ந்தது. அவள் ஏட்டை மூடினாள். பையிலிருந்து எழுதாத நோட்டு ஒன்றை எடுத்தாள்.

"சொல்லுங்க சித்தி. மறுபடியும் எழுதுதேன்."

"நெழல்ல உக்காந்தா எழுதப்போற? செருப்பக் கழத்திட்டு பாத்தியில எறங்கு."

இறங்கினாள். பதினெட்டு வருஷம் நூலக நிழலில் காய்ந்திருந்த குதிகால் வெடிப்புகளுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்தது. சுரீரென்று முழங்கால் வரைக்கும் ஏறியது. எதிரே வெள்ளை, கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. நோட்டில் கோடு எங்கே என்று தெரியவில்லை.

"எரியுதா?" என்றாள் வரப்பில் நின்ற கனியம்மாள்.

"எரியுது."

"அத மொதல்ல எழுது."